பாரகனில் பாதியில் நின்ற பாட்டு

ஜோஸி அப்போது ஒரு தேவதையின் மூக்கைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

சுதையால் செய்த தேவதை. பாரகன் அரங்கத்தின் மேல்மாடி விளிம்பில், கன்னம் புடைக்கக் குழல் ஊதியபடி வரிசையாக உட்கார்ந்திருக்கும் தேவதைகளில் ஒன்று. எத்தனையோ வருடத்துச் சுருட்டுப் புகை அதன் மூக்கில் கறுப்பாகப் படிந்திருந்தது.

"கொஞ்சம் பொறுத்துக்கோ. தும்மிடாதே," என்றாள் ஜோஸி.

கீழே ஏதோ அசைந்தது. எட்டிப் பார்த்தாள்.

வெறும் நாற்காலிகளுக்கு நடுவே இரண்டு பேர் நின்றிருந்தார்கள். ஒருவர் வக்கீல் பில்லிங். காட்டர்ஷா ஊரில் அவரைத் தெரியாதவர்கள் கிடையாது. இன்னொருவர் யாரென்று தெரியவில்லை. சாம்பல் நிறக் கோட்டு, நிமிர்ந்த முதுகு, தலைக்கு மேல் விரித்த குடை. உள்ளே எதற்குக் குடை என்று கேட்டால், பாரகனின் கூரையைத்தான் கேட்க வேண்டும். வெளியே தூறினால் உள்ளே மழை.

அவர்கள் பேசியது அவ்வளவு உயரத்தில் யாருக்கும் கேட்டிருக்காது. ஜோஸிக்குக் காது இன்னும் மோசம். இரண்டு காதிலும் கருவி மாட்டினாலும், பாதிச் சொற்கள் பஞ்சுக்குள் புதைந்தது போலத்தான் வந்து சேரும்.

ஆனால் ஜோஸி கண்ணால் கேட்பாள். உதடு தெரிந்தால் போதும்.

வக்கீலின் உதடுகள் நன்றாகத் தெரிந்தன.

"கார் நிறுத்தற இடமாக்கத்தான் வாங்கறாங்க, மிஸ் ரஷ்டன். சாயங்காலத்துக்குள்ள நீங்க கையெழுத்துப் போட்டுட்டா, திங்கக்கிழமையே இடிக்க ஆரம்பிச்சிடலாம்."

பிரஷ் ஜோஸியின் கையிலிருந்து நழுவியது.

இடிக்கப் போகிறார்களா? பாரகனையா?

மேல்மாடியின் மறுகோடியில் ஹெட்டி அத்தை மண்டியிட்டுப் பெஞ்சுகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் எட்னா அத்தை, வாளியும் துணியுமாக. இன்னும் நாலைந்து பெண்கள். எல்லோருமே ஒரு காலத்தில் ஊரின் பருத்தி ஆலைகளில் தறி ஓட்டியவர்கள்.

கூப்பிட்டால் கீழே இருப்பவர்களுக்குக் கேட்டுவிடும். ஜோஸி கையை வீசி ஹெட்டி அத்தையைத் திரும்ப வைத்தாள். பிறகு குரலே இல்லாமல், வாயைப் பெரிதாக அசைத்துச் சொன்னாள்:

"விக்கப் போறாங்க! இடிக்கப் போறாங்க!"

ஹெட்டி அத்தையின் புருவம் நெற்றி உச்சிக்குப் போனது. அவர் எட்னாவைப் பார்த்து வாயைக் கோணி, தாடையை இழுத்து, கண்ணை உருட்டிச் சொன்னார். எட்னா அடுத்தவரிடம். அவர் அதற்கடுத்தவரிடம். ஒரு சத்தமும் இல்லாமல், ஊசி விழுந்தால் கேட்கும் அமைதியில், அந்தக் கெட்ட சேதி மேல்மாடி முழுக்க ஓடி முடிந்தது.

காட்டர்ஷாவில் இதற்கு 'மீமா' என்று பேர்.

ஆலைக்குள் நூற்றுக்கணக்கான தறிகள் ஒரே நேரத்தில் ஓடும். இடி இடித்தாலும் கேட்காது. அங்கே குரலுக்கு வேலையே இல்லை. வாயை அகல விரித்து, புருவம், மூக்கு, கன்னம் எல்லாவற்றையும் கூட்டுச் சேர்த்துப் பேசினால்தான் எதிரில் நிற்பவருக்குப் புரியும். இளம் வயதில் தறிக்குப் போனவர்களுக்குக் கல்யாண வயதிலேயே காது மந்தமாகிவிடும். அதனால் வீட்டிலும் மீமா, சந்தையிலும் மீமா. மாதா கோயிலில் பிரசங்கம் நடக்கும்போதுகூட மீமா.

சனிக்கிழமை கூலி கையில் வந்ததும் அவர்கள் எல்லோரும் ஓடி வந்த இடம் பாரகன். முன்வாசலில் ஆலை முதலாளிகள் இறங்குவார்கள். பக்கத்துச் சந்தில் இருக்கும் சின்னக் கதவு வழியாக நெசவாளிகள் மேல்மாடிக்கு ஏறுவார்கள். முதுகு சாய இடமில்லாத பெஞ்சு. மடியில் ஆரஞ்சுப் பழம். மேடையில் பாட்டு, கோமாளிக் கூத்து, மரச்செருப்பு நடனம், நாயோடு சண்டை போட்டுத் தோற்கும் ஒரு மனிதன். மேடையோரத்து மேசையில் ஓர் ஆள் சுத்தியலால் தட்டித் தட்டி, அடுத்து வருபவரை அறிவிப்பார்.

பிறகு சினிமா வந்தது. மேடையில் வெள்ளைத் திரை கட்டினார்கள். அதற்கப்புறம் எண் கூப்பிட்டு ஆடும் பிங்கோ ஆட்டம். அதற்கப்புறம் புறாக்கள்.

அரங்கத்தின் சொந்தக்காரர் கிழவர் ரஷ்டன் போன வருடம் சொன்னார்: "சுத்தம் பண்ணுங்க. பாரகன் மறுபடியும் திறக்கட்டும். உங்களுக்கே எழுதி வைக்கிறேன்." ஊரே சந்தோஷமாகத் துடைப்பத்தைத் தூக்கியது. ஆனால் எழுதி வைப்பதற்கு முன் கிழவர் கண்ணை மூடிவிட்டார். வாய் வார்த்தை வாயோடு போனது.

ஊருக்குக் கவலை அரங்கத்தைப் பற்றி. ஜோஸியின் கவலை வேறு.

பள்ளிக்கூடத்தில் டாரன் அவளை "ஏ டமாரம்!" என்றுதான் கூப்பிடுவான். மற்றவர்கள் அவளோடு பேசும்போது சலித்துக்கொள்வார்கள். "ஒண்ணுமில்ல, விடு" என்று முடித்துவிடுவார்கள். உலகத்திலேயே ஜோஸிக்கு மிகவும் பிடிக்காத வார்த்தை அதுதான். 'ஒண்ணுமில்ல, விடு.'

பாரகனின் மேல்மாடியில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. அங்கே எல்லோருமே அவளைப் பார்த்து, நின்று, நிதானமாக வாயசைத்துப் பேசுவார்கள். பாதிரியார் தலையில் இருப்பது டோப்பா முடி என்ற ரகசியம்கூட அவளுக்கு அங்கேதான் கிடைத்தது. அந்த மேல்மாடி இடிந்தால், அப்புறம் அவளுக்கென்று ஒரு இடம் எங்கே?

ஜோஸி படிகளில் தடதடவென்று இறங்கினாள்.

*

அம்மா மோரீன் கீழே ஒரு நாற்காலிக்கு வெல்வெட் துணி ஒட்டிக்கொண்டிருந்தாள். சேதியைக் கேட்டதும் பசைக் கையோடு அப்படியே ஓடினாள்.

"மிஸ் ரஷ்டன்! நீங்க கிழவரோட தம்பி மகதானே? உங்க பெரியப்பா எங்களுக்கு வாக்குக் குடுத்திருக்காரும்மா. ஊரே ஒரு வருஷமா இங்க வேலை செய்யுது. கொஞ்சம் சுத்திப் பாருங்களேன்!"

"பார்த்தேன். ஒழுகுது," என்றார் மிஸ் ரஷ்டன்.

"கூரையைச் சரி பண்ணிடலாம்..."

"வேண்டாம். இந்தக் கட்டடம் நிக்கறதுல எனக்கு விருப்பமில்ல."

"ஏன்னு சொன்னாத் தெரிஞ்சுக்குவோம்."

"உங்ககிட்ட நான் ஏன் சொல்லணும்?" கண்டிப்பான பள்ளிக்கூடக் குரல். அவர் தெற்கே எங்கேயோ கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர் என்று வக்கீல் பிற்பாடு சொன்னார். "மிஸ்டர் பில்லிங், காகிதம் எங்கே?"

"கார்ல இருக்கு மேடம். இதோ எடுத்துட்டு வரேன்."

அவர் வெளியே போனார். கூரையிலிருந்து ஒரு சொட்டு வாளியில் விழுந்தது.

மிஸ் ரஷ்டன் தற்செயலாக மேலே பார்த்தார்.

மேல்மாடி விளிம்பில் ஹெட்டியும் எட்னாவும் மற்ற பெண்களும் வரிசையாக நின்றிருந்தார்கள். அவர்கள் பாட்டுக்கு மீமாவில் பேசிக்கொண்டிருந்தார்கள். வாய்கள் கோணின. தாடைகள் இழுபட்டன. புருவங்கள் ஏறி இறங்கின. ஒரு சத்தமும் இல்லை.

மிஸ் ரஷ்டனின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது.

"அதே மூஞ்சிங்க," என்றார். "இத்தனை வருஷம் ஆகியும் அதே மூஞ்சிங்க!"

விடுவிடுவென்று நடந்து அரங்கத்தை விட்டு வெளியேறிவிட்டார். கதவு ஊஞ்சல் போல ஆடி நின்றது.

மேலிருந்து ஹெட்டி அத்தை இந்தத் தடவை சத்தமாகவே கத்தினார்: "என்ன சொன்னா அந்தம்மா? எந்த மூஞ்சி? என் மூஞ்சிக்கு என்னடி குறை?"

"அத லிஸ்ட்டுப் போட்டா பொழுது விடிஞ்சிடும்," என்றார் எட்னா.

யாரும் சிரிக்கவில்லை. அம்மா நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து, பசைக் கையால் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். "முடிஞ்சது. அவ்வளவுதான்."

ஜோஸி மட்டும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மற்றவர்கள் கேட்டது மிஸ் ரஷ்டனின் குரலை. ஜோஸி பார்த்தது அவர் உதட்டை. அந்த உதடு நடுங்கியது. கோபத்தில் இறுகும் உதடு வேறு மாதிரி இருக்கும். டாரன் "டமாரம்" என்று கத்தும்போது, பள்ளிக்கூடக் கழிப்பறைக் கண்ணாடியில் ஜோஸி இதே உதட்டைப் பார்த்திருக்கிறாள்.

அம்மாவின் ஃபிளாஸ்க்கிலிருந்து ஒரு கோப்பை தேநீர் ஊற்றி எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

*

முன்கூடத்தில், பழைய சீட்டு விற்கும் கூண்டுக்குப் பக்கத்தில் மிஸ் ரஷ்டன் உட்கார்ந்திருந்தார். குடை மடியில் கிடந்தது.

"டீ," என்று நீட்டினாள் ஜோஸி. "சர்க்கரை ரெண்டு ஸ்பூன். அதிகமா இருந்தா கலக்காமக் குடிங்க."

மிஸ் ரஷ்டன் அவள் காதுக் கருவியைப் பார்த்தார். கோப்பையை வாங்கிக்கொண்டார்.

"உங்கம்மா அனுப்பினாளா? என் மனசை மாத்தச் சொல்லி?"

"இல்ல. எனக்கு ஒண்ணு கேக்கணும். அந்த மூஞ்சிங்களை முன்னாடி எப்பப் பார்த்தீங்க?"

'ஒண்ணுமில்ல, விடு' என்று சொல்லப் போகிறார் என்று ஜோஸி நினைத்தாள். மிஸ் ரஷ்டன் தேநீரை ஒரு வாய் குடித்தார். பிறகு சொல்ல ஆரம்பித்தார்.

"அப்ப உன் வயசுதான் எனக்கு. பெரியப்பா வீட்டுக்கு லீவுக்கு வந்தேன். நல்லாப் பாடுவேன். நிஜமாவே நல்லாப் பாடுவேன். பெரியப்பா என்னைய மேடை ஏத்தினார். மூடுபனியில அப்பாவோட படகைத் தனியா ஓட்டிட்டு வர்ற ஒரு பொண்ணைப் பத்தின பாட்டு."

அவர் பாடவில்லை. தலைகீழாகப் படித்த வாய்ப்பாட்டை ஒப்பிப்பது போலச் சொன்னார்:

"மூடுபனி மூடுபனி, முன்னே ஒண்ணும் தெரியலையே,
ஆடுதய்யோ அப்பா படகு, அக்கரையும் புரியலையே."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? மேல பார்த்தேன். மேல்மாடி முழுக்கக் கூட்டம். அத்தனை பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்து வாயைக் கோணி, பல்லைக் காட்டி, கண்ணை உருட்டி... என்னையப் பார்த்து மூஞ்சி வலிச்சுக் காட்டிட்டு இருந்தாங்க. சத்தம் போட்டுத் திட்டியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன். சத்தமே இல்லாமக் கேலி பண்ணினாங்க. பாட்டைப் பாதியில விட்டுட்டு ஓடினேன். ராத்திரி ரயிலுக்கே ஊருக்குப் போயிட்டேன். அதுக்கப்புறம் பாடினதே இல்ல. பிறந்தநாள் பாட்டுக்குக்கூட வாயை மூடிக்கிட்டு நிப்பேன்."

"உங்க பெரியப்பா ஒண்ணும் சொல்லலையா?"

"அவர் எழுதின எதையும் நான் பிரிச்சதே இல்ல. உறையில இந்த ஊர் முத்திரை இருந்தாலே குப்பைக் கூடைதான்."

ஜோஸி மேல்மாடி இருக்கும் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. வாயைத் திறந்தாள். உடனே மூடிக்கொண்டாள்.

யாரோ சிரிப்பதைப் பார்த்து, தன்னைத்தான் என்று அவள் அழும்போதெல்லாம், "அவங்க உன்னையச் சொல்லலடி கண்ணு" என்று அம்மா தேற்றுவாள். ஜோஸி ஒருநாளும் அதை நம்பியதில்லை. பெரியவர்கள் ஆறுதலுக்குச் சொல்வதுதானே? இவரிடம் நாம் சொன்னாலும் அப்படித்தான் நினைப்பார்.

இவர் தன் கண்ணாலேயே பார்க்க வேண்டும்.

"மேடம், ஒரு தடவை மேடைக்கு வரீங்களா?"

"முடியாது."

"நீங்க யாருன்னு அவங்களுக்கு நான் சொல்ல மாட்டேன். பாட வேண்டாம். சும்மா நின்னாப் போதும்."

"மாட்டேன்னு சொல்றேன்ல?"

"நான் பக்கத்துலேயே நிக்கறேன்," என்றாள் ஜோஸி. "ஓடணும்னா சேர்ந்தே ஓடலாம். நான் நல்லா ஓடுவேன்."

மிஸ் ரஷ்டன் தேநீரைக் குடித்து முடித்தார். பிறகு கோப்பையைக் கீழே வைத்தார்.

*

மேடைப் பலகைகள் கிறீச்சிட்டன. மிஸ் ரஷ்டனின் கை ஜில்லென்று இருந்தது. ஜோஸி அதை இறுகப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்தாள். பெண்கள் மறுபடி பெஞ்சு தேய்க்கத் தொடங்கியிருந்தார்கள். இடிக்கப் போகிற இடத்தையும் பாதியில் விட அவர்களுக்கு மனசு வரவில்லை போலும்.

ஜோஸி இன்னொரு கையை வீசினாள். ஹெட்டி அத்தை நிமிர்ந்தார்.

குரலில்லாமல் ஜோஸி வாயசைத்தாள். அதையே மிஸ் ரஷ்டனுக்காக மெல்லச் சொல்லிக் காட்டினாள்: "நான் கேக்கறது இதுதான். 'அத்தை, நீங்க சின்னப் பொண்ணா இருந்தப்ப, படகுப் பாட்டுப் பாடின ஒருத்தி பாதியில ஓடிட்டாளே, ஞாபகம் இருக்கா?'"

ஹெட்டியின் முகம் மலர்ந்தது. வாய் கோணியது. கண் உருண்டது. தாடை ஆடியது.

மிஸ் ரஷ்டனின் கால் ஒரு அடி பின்னால் போனது.

"ஓடாதீங்க," என்றாள் ஜோஸி. "அவங்க சொல்றதை அப்படியே சொல்றேன். 'ஞாபகம் இல்லாமலா? வெள்ளைக் காலர் சட்டை.' எட்னா அத்தை சொல்றாங்க, 'மஞ்சள் ரிப்பன்.' ஹெட்டி அத்தை, 'மஞ்சள் இல்லடி, பச்சை.' எட்னா அத்தை, 'உனக்கு அப்பவே கண்ணு சரியில்ல.'"

"மஞ்சள்," என்று முணுமுணுத்தார் மிஸ் ரஷ்டன்.

"இப்ப நான் கேக்கறேன். 'அவளைப் பார்த்து எல்லாரும் ஏன் மூஞ்சி வலிச்சீங்க?'"

மேலே வாய்கள் சட்டென்று நின்றன. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஹெட்டி வாளியைக் கீழே வைத்துவிட்டு விளிம்புக்கு வந்தார். இந்தத் தடவை அவர் வாய் நிதானமாக அசைந்தது.

ஜோஸி ஒவ்வொரு சொல்லாக எடுத்துச் சொன்னாள்.

"'மூஞ்சி வலிச்சோமா? யார் சொன்னது? எனக்கு அப்பக் காது நல்லாக் கேட்டுச்சு. எங்கம்மாவுக்குத் தறிச் சத்தத்துல காது போயிடுச்சு. மேல உக்கார்ந்திருந்ததுல பாதிப் பேருக்கு அப்படித்தான். காது கேக்கற நாங்க, பாட்டைக் கேட்டுக் கேட்டு, பக்கத்துல இருக்கற கேக்காதவங்களுக்கு வாயால சொல்லிக் குடுப்போம். எல்லாப் பாட்டுக்கும் அப்படியில்ல. சுமாரான பாட்டுன்னா ஆரஞ்சைத் தின்னுட்டுச் சும்மா இருந்துடுவோம். அந்தப் பொண்ணு வாயைத் திறந்ததும் எங்கம்மா என் கையைக் கிள்ளினா. அந்தக் குழந்தை முகத்தைப் பார்த்தா ஏதோ பெரிய விஷயம் பாடுதுடி, சொல்லு, சொல்லுன்னா. அன்னிக்கு மேல்மாடி முழுக்க, ஒரு வரி விடாம, வாய்க்கு வாய் அந்தப் பாட்டைத்தான் கடத்திட்டு இருந்தோம்.'"

மிஸ் ரஷ்டனின் பிடியில் ஜோஸியின் விரல்கள் வலித்தன. அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

ஹெட்டி இன்னும் ஏதோ சொன்னார். ஜோஸி அதை முழுதும் பார்த்து முடித்த பிறகுதான் சொன்னாள்.

"'அவ பாதியில ஓடிட்டா. ஏன்னே தெரியல. எங்கம்மா சாகற வரைக்கும் கேட்டுட்டே இருந்தா. ஏண்டி ஹெட்டி, அந்தப் படகு கரை சேர்ந்துச்சா இல்லையாடின்னு. எனக்கென்ன தெரியும்?'"

வாளியில் ஒரு சொட்டு விழுந்தது. இன்னொன்று.

அப்போது பக்கவாட்டிலிருந்து வக்கீல் பில்லிங் மூச்சு வாங்க மேடைக்கு வந்தார். கையில் காகிதக் கட்டு. "மன்னிக்கணும் மேடம், கார் கதவு மாட்டிக்கிச்சு. இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு, கடைசிப் பக்கத்துல ஒண்ணு. போட்டுடறீங்களா?"

மிஸ் ரஷ்டன் அவர் பக்கம் திரும்பினார். கண்கள் நிறைந்திருந்தன. வாயை அகலத் திறந்து, தாடையை இழுத்து, புருவத்தை ஏற்றி, குரலே இல்லாமல் ஏதோ சொன்னார்.

பில்லிங் திடுக்கிட்டார். "மேடம்? என்ன ஆச்சு? பல்வலியா?"

மேல்மாடி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது.

"வேண்டாம்னு சொல்றாங்க சார்," என்றாள் ஜோஸி. "கையெழுத்துப் போட மாட்டாங்களாம்."

கீழே பசைக் கையோடு நின்றிருந்த அம்மா அதே கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஹெட்டி விளிம்பில் பாதி உடம்பு தொங்க எட்டிப் பார்த்தார். சத்தமாகவே கேட்டார்: "அடி ஆத்தாடி! அந்தப் பொண்ணு நீங்கதானா? அதைச் சொல்லுங்க முதல்ல. படகு என்னம்மா ஆச்சு?"

மிஸ் ரஷ்டன் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்தார். முதுகு மறுபடி நிமிர்ந்தது.

"பாதியில விட்டவ நான். பாடித்தான் முடிக்கணும், வாயால சொல்லி ஏமாத்தக் கூடாது," என்றார். "ஆனா குடை பிடிச்சுக்கிட்டுப் பாட முடியாது. முதல்ல கூரையைப் பாருங்க."

*

அடுத்த வருடம், ஒரு காலத்தில் ஆலைகளுக்கெல்லாம் கோடை விடுமுறை விட்ட அதே வாரத்தில், பாரகன் திறந்தது.

பிற்பகல் காட்சி. கூரை ஒழுகவில்லை. தேவதைகளின் மூக்குகள் பளிச்சென்று இருந்தன. மேடையோரத்து மேசையில் சுத்தியலோடு உட்கார்ந்திருந்தவர் வேறு யாருமில்லை, வக்கீல் பில்லிங்! கோர்ட்டில் சாட்சிகளை மிரட்டிப் பழகிய குரல் ஊருக்கே உபயோகப்பட்டது.

மேல்மாடி நிரம்பி வழிந்தது. முன்வரிசையில் ஜோஸி, அவளை ஒட்டி எட்னா அத்தை, ஓரத்தில் ஹெட்டி அத்தை. ஹெட்டி தன் பக்கத்து இடத்தில் கோட்டை மடித்து வைத்து, யார் கேட்டும் தரவில்லை. "ஆள் வருது, போ போ," என்று விரட்டினார். அவர்களுக்கு நேர் பின்வரிசையில் டாரன் இருந்தான்.

பில்லிங் மூன்றாவது முறையாகச் சுத்தியலால் தட்டினார். மிஸ் ரஷ்டன் மேடைக்கு வந்தார். வெள்ளைக் காலர் வைத்த சட்டை. மேலே நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் பாடினார்.

குரல் பழையதாகிவிட்டிருந்தது. நடுவில் உடைந்தது. மேல்மாடி வரைக்கும் நூலாகத்தான் வந்து சேர்ந்தது.

"என்ன பாடறாங்க? எனக்குச் சரியாக் கேக்கல," என்று டாரன் ஜோஸியின் தோளைத் தட்டினான். "சொல்லேன், என்ன?"

ஜோஸி திரும்பினாள். 'ஒண்ணுமில்ல, விடு' என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவன் முகத்தைப் பார்த்து, மேடையையும் பார்த்து, ஒவ்வொரு வரியாக நிதானமாக வாயசைத்துக் காட்டினாள். முதல் வரியில் அவன் விழித்தான். மூன்றாவது வரியில் அவன் உதடும் சேர்ந்து அசைந்தது.

சுற்றிலும் மேல்மாடி முழுக்க வாய்கள் கோணின. புருவங்கள் ஏறி இறங்கின. ஒரு சத்தமும் இல்லை. மிஸ் ரஷ்டன் அதைப் பார்த்துக்கொண்டே பாடினார். கால் பின்னால் போகவில்லை.

"விளக்கொண்ணு தெரியுதப்பா, வீட்டு நாயும் குரைக்குதப்பா,
கயித்தை வீசிக் கட்டுங்கப்பா, கரையைத் தொட்டு நிக்குதப்பா!"

கைதட்டலில் புதுக் கூரை அதிர்ந்தது. எட்னா அத்தை அழுதுகொண்டே ஆரஞ்சு உரித்தார். டாரன் விசிலடித்தான். எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

ஹெட்டி அத்தை எழுந்திருக்கவில்லை. மடித்து வைத்த கோட்டின் பக்கம், அந்த வெற்று இடத்தின் பக்கம் திரும்பினார். வாயை அகலத் திறந்து, நிதானமாக, குரலில்லாமல் ஏதோ சொன்னார்.

ஜோஸி அதைப் பார்த்துவிட்டாள். "ஹெட்டி என்ன சொல்றா?" என்று எட்னா கேட்டார்.

அதை மட்டும் ஜோஸி யாருக்கும் எடுத்துச் சொல்லவில்லை.